சோழவரத்தில் இறுகி நின்ற எஞ்சின்: பிளக்கை நான் தவறாகப் பார்த்தேனா?

வடசென்னை_17 எழுதியது:

வணக்கம். திருவொற்றியூர் தேரடிக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன் நான். 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்த மோட்டார் பந்தயத்துக்குச் சென்ற ஒரு மோட்டார் சைக்கிள் குழுவில் ஹெல்பராக இருந்தேன். என் மகள் இப்போது பொறியியல் படிக்கிறாள். மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் பந்தயக் காருக்கான கல்லூரிக் குழுவில் எஞ்சின் அவளுடைய பொறுப்பு. புகைக்குழாயில் பொருத்திய ஓர் உணர்கருவி, எரிந்து வெளியேறும் வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்து மடிக்கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. இந்தக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றன என்பதை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று சென்ற வாரம் கேட்டாள். எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லத் தொடங்கிய நான் பாதியில் நிறுத்திவிட்டேன். 1987இல் நான் பார்த்துச் சொன்ன ஒரு பிளக்கின் காரணமாகத்தான் எங்கள் வண்டி பந்தயத்தின் நடுவே நின்றது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதானா என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் பதில் சொல்ல இயலும் என்பதால் பதிவு சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள்களில் எங்கள் ஊரில் எந்திரத்தோடு தொடர்பில்லாத வீடு குறைவு. என்ஃபீல்டு தொழிற்சாலை, எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, விம்கோ தீப்பெட்டி ஆலை, வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு என்று ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே எங்கள் தெருவில் அடுப்பு மூட்டுவார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என்னைத் தாய்மாமன் ஒரு இருசக்கர வாகனப் பட்டறையில் சேர்த்துவிட்டார். அந்தப் பட்டறை மேஸ்திரிக்குப் பந்தயத்தின் மீது தணியாத பற்று இருந்தது. பொங்கல் முடிந்தால் பட்டறையில் வாடிக்கையாளர் வேலை பாதியாகக் குறையும். இரவில் பந்தய வண்டி நடு மேசைக்கு வந்துவிடும்.

எங்களுடையது யமஹா ஆர்.எக்ஸ். 100. அது 1985இல்தான் சந்தைக்கு வந்தது, 98 சி.சி., 11 குதிரைத்திறன். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றுவது, ஆயில் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டுக் கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவது, சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைப்பது, சங்கிலி ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது ஆகியவை ஹெல்பர் வேலைகள். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் என்பதால் நேர்பகுதிகள் நீளமானவை; ஊருக்குள் ஓட்டும் ஸ்ப்ராக்கெட்டை அங்கே வைத்தால் நேர்பகுதி பாதியிலேயே எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டிவிடும், ஆகவே பின்னால் பல் எண்ணிக்கை குறைந்த ஸ்ப்ராக்கெட்டைப் போடுவோம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் கூட்டுவது பின்னால் ஏறத்தாழ மூன்று பல்லைக் குறைப்பதற்குச் சமம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, அந்த மேசையில் கற்றேன். எல்லாம் முடிந்த பிறகு வண்டியை டெம்போவில் ஏற்றிக் கயிற்றால் கட்டி, மணலி, மாதவரம், செங்குன்றம் வழியாக விடிவதற்குள் சோழவரம் போய்ச் சேர்வோம். டெம்போவின் பின்பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி நான் போன அந்தப் பயணங்களைப் போன்ற மகிழ்ச்சி எனக்குப் பின்னாளில் அதிகம் வாய்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் மேஸ்திரி எனக்குப் பிளக் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வண்டியை ஓட்டிவிட்டு வந்ததும் பிளக்கைக் கழற்றி, நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானின் நிறத்தை வெயிலில் பார்க்க வேண்டும். வறுத்த காப்பிக்கொட்டையின் இளநிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகான ஜெட்டை ஒரு எண் குறைத்துப் போட வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; அது ஆபத்து, பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழுந்துவிடும். பிப்ரவரிக் காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்போது பெரிய ஜெட் பொருந்தும். மதிய வெயிலில் காற்று இலேசாகிவிடுவதால் அதே ஜெட் அதிகமாகிவிடும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமைப் பயிற்சியில் வண்டி இழுக்கவில்லை. மாலையே சிலிண்டரைக் கழற்றித் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் போர் போட்டு, அதாவது உட்குழலைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ப 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியப் பொருத்தினோம். ஞாயிறு காலை சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தோம். வெயில் ஏறிய பிறகு ஓட்டுநர் இன்னும் இரண்டு சுற்று போய்விட்டு வந்தார். மேஸ்திரி வேறு வேலையில் இருந்ததால் பிளக்கைப் பார்க்கச் சொல்லி என்னைப் பணித்தார். கறுப்பாக இருக்கிறது, ஒரு எண் குறைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார். ஜெட்டை மாற்றியவனும் நானே. பந்தயத்தில் ஐந்தாவது சுற்றில், நேர்பகுதியின் கடைசியில், வண்டி இறுகி நின்றது. ஓட்டுநர் அந்தக் கணத்திலேயே கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழாமல் தப்பினார்.

என்னை ஒருவரும் ஏசவில்லை. இரவு எஞ்சினைப் பிரித்த மேஸ்திரி, பிஸ்டனை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, “இத நீயே வச்சிக்கோ. அப்பப்ப எடுத்துப் பாரு” என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்தில் நான் அந்தப் பட்டறையை விட்டு நின்றுவிட்டேன். பிஸ்டன் இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க மனம் வந்ததில்லை. நான் குறைத்த ஒரு எண்தான் அந்த எஞ்சினை இறுக்கியதா? அக்காலத்தில் இந்த வேலை பார்த்தவர்கள் சொன்னால் என் மகளுக்கு உண்மையானதைச் சொல்லிக்கொடுப்பேன்.

செங்குன்றம்_சாலை எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் ஆமணக்கு எண்ணெய் எரியும் வாசனை எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. நானும் அதே ஆண்டுகளில் ஒரு குழுவுக்குப் பெட்ரோல் கேன் தூக்கியவன். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய பழைய என்சைன் காரைச் சோழவரத்தில் ஓட்டியதையும், கோவை கரிவரதன் கட்டிய கார்களையும் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். நாங்களோ கேனுக்குப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்பது கட்டளை. அதற்குக் காரணம் இருந்தது, உங்கள் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியாகச் சுற்றி வருவதில்லை. பெட்ரோலோடு கலந்துதான் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்கிறது. கடையில் வாங்கிய வண்டியில் அதைச் செய்ய ஆயில் பம்ப் உண்டு. பந்தய வண்டியில் பெரும்பாலோர் அதைக் கழற்றிவிட்டுக் கேனிலேயே கலப்போம். ஆமணக்கிலிருந்து எடுக்கும் பந்தய ஆயில் உயர் வெப்பத்தில் மற்ற ஆயில்களை விட நன்றாக ஒட்டி நிற்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோலோடு முழுமையாகக் கலந்து கிடக்காது. முந்தைய இரவு கலந்து வைத்த கேன் பனியில் கிடந்தால் காலையில் அடியில் தேன் போலத் தங்கிவிடும். குலுக்காமல் மேலாக ஊற்றினால் டேங்குக்குள் போவது பெரும்பாலும் வெறும் பெட்ரோல்தான். எங்கள் வண்டி ஒன்று அப்படித்தான் இறுகியது, அந்தக் கேனுக்குப் பொறுப்பாளி நானே. உங்கள் குழு எந்த ஆயில் பயன்படுத்தியது, எப்போது கலந்தது என்று நினைவிருக்கிறதா? இரவெல்லாம் பிஸ்டன் வேலையில் இருந்தவர்கள் காலையில் கேனைக் கவனித்திருப்பார்களா என்பது என் ஐயம்.

இடப்புற_வளைவு எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் பெரம்பூரைச் சேர்ந்தவன், அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சோழவரம் எனக்குச் சிறு வயதில் கேட்ட கதை மட்டுமே. 1990களின் நடுவில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போனபோது, ஒரு வட்டத் தடப் பந்தயக் குழுவில் மூன்று கோடைக்காலம் சம்பளமில்லாத உதவியாளனாக இருந்தேன். அங்கே அது சனிக்கிழமை இரவு ஊரே கூடும் விளையாட்டு. வின்ஸ்டன்-சேலம் நகரில் போமன் கிரே அரங்கத்தில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றியுள்ள கால் மைல் தடத்தில் 1949 முதல் வாரந்தோறும் பந்தயம் நடக்கிறது. கார்கள் இடப்புறமாக மட்டுமே திரும்பும் என்பதால் காரின் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்காது, கோணலாகத்தான் கட்டப்பட்டிருக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை டயர். வலப்பக்கப் பின் டயரின் சுற்றளவு இடப்பக்க டயருடையதை விட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்குக் குழுத்தலைவர் பலகையில் படம் போட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடி சிறுத்து வாய் அகன்ற நம் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டினால் அது நேராகப் போகாமல் அடிப்பக்கமாக வளைந்து வட்டமடிக்கும் அல்லவா, பின் அச்சு முழுவதையும் அப்படி ஒரு டம்ளராக்கிவிடுகிறார்கள். இன்னொரு வேலை, நான்கு சக்கரங்களின் கீழும் எடைத் தட்டு வைத்து மூலைவிட்டமாக எடையைச் சரிசெய்வது. ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலும் கூடுதல் பாரம் ஏற்கும். அது போல ஒரு மூலையில் ஸ்பிரிங் மேலுள்ள திருகைச் சிறிது முறுக்கினால் கார் வளைவில் திரும்பும் விதமே மாறிவிடும். மண் தடமாக இருந்தால் வேலை இன்னும் கடினம். மாலையில் தண்ணீர் தெளித்த களிமண் பிடிப்பாக இருக்கும், இரவு ஏற ஏற காய்ந்து வழுக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனைக்கும் எங்களுக்குச் சான்று டயரின் சூடு மட்டுமே. கார் உள்ளே வந்த உடனே ஊசி குத்தும் வெப்பமானியை டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்திப் பார்ப்போம். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம் என்று பொருள். உடனே என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை நான் சில நிமிடங்கள் தாமதித்துக் குத்திய அளவை நம்பி நாங்கள் செய்த மாற்றத்தால், அடுத்த ஓட்டத்தில் கார் திரும்ப மறுத்து வெளிச்சுவரில் உரசியது. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிளக்கும் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன். முழு வேகத்தில் போகும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, அப்படியே உருண்டு வந்து கழற்றினால்தான் நேர்பகுதியில் நடந்ததை அது சொல்லும். மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தால் அந்தச் சில நிமிடங்களின் கரி மேலே படிந்துவிடும். உங்கள் ஓட்டுநர் எப்படித் திரும்பினார் ஐயா? மெதுவாக ஓட்டி வந்திருந்தால், சரியாக இருந்த கலவை உங்கள் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்திருக்கும். அப்படியானால் ஜெட்டைக் குறைத்தது பிழையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிழை 17 வயது ஹெல்பருடையது ஆகாது. பிளக்கை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லாதவர்களுடையது.

நிறுத்துக்கடிகாரம் எழுதியது:

வணக்கம். நான் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். கல்லூரியில் படிக்கும்போது என் அண்ணன் சேர்ந்திருந்த ஒரு கார் குழுவுக்குச் சோழவரத்தில் சுற்று நேரம் எழுதியிருக்கிறேன். இரண்டு நிறுத்துக்கடிகாரங்கள், ஒன்றை நிறுத்தும் அதே நொடியில் மற்றொன்றை ஓடவிட்டு, நின்றதன் நேரத்தைக் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். நம் வண்டியை மட்டுமல்ல, முன்னாலும் பின்னாலும் வருகிற வண்டிகளையும் எழுத வேண்டும் என்பதால் பந்தயம் முடியும் வரை தலை நிமிர இயலாது. இரண்டு நாள் வெயிலில் நின்று எழுதிய நான் முடிவுக் கோட்டைக் கடந்த வெற்றியாளரின் முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எண்களில் அந்தப் பந்தயம் முழுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாள்களில் ஒன்றைக் கவனித்தேன். பெட்ரோல் போதாமல் கெட்டுப்போகும் எஞ்சின், கெடுவதற்குச் சற்று முன்வரை நன்றாகவே ஓடும். சில சமயம் வழக்கத்தை விடக் கூர்மையாகக்கூட இழுக்கும், நேரம் குறையும், பிறகு திடீரென்று நிற்கும். உள்ளே பிஸ்டன் பிடிக்கத் தொடங்கும் எஞ்சினோ முதலில் வேகத்தை இழக்கும். ஓட்டுநர் முன்னால் யாரோ மறிப்பதாகவோ காற்று எதிர்ப்பதாகவோ நினைத்துக்கொள்வார். உங்கள் குழுவில் யாராவது சுற்று நேரம் எழுதினார்களா? நான்காவது சுற்று எவ்வளவு என்று உங்களுக்கு நினைவிருந்தால் அதுவே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

போரிங்_பட்டறை எழுதியது:

நான் 30 ஆண்டுகள் போர் போடும் எந்திரத்தின் முன்னால் நின்றவன். ஆயில், ஜெட், நேரம் ஆகிய எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டீர்கள். கையில் இருக்கிற பிஸ்டனை ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று வியப்பாக இருக்கிறது. தம்பி, அதைத் துணியிலிருந்து எடுங்கள். தேய்க்கவோ கழுவவோ வேண்டாம். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற உருளைக் கம்பி போகும் துளை இரு பக்கமும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு இரண்டு இடங்களைப் பாருங்கள். பக்கவாட்டில் தேய்ந்த கோடுகள் புகை வெளியேறும் பக்கம் மட்டும் இருக்கின்றனவா, அல்லது பின் துளையின் இருபுறமும் நான்கு மூலைகளில் பட்டை பட்டையாக இருக்கின்றனவா? அடுத்ததாகத் தலைப்பகுதி என்ன நிறம், விளிம்பில் கரி படியாமல் சுத்தமாக இருக்கும் இடங்கள் உண்டா? பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகைப் பக்கத்தைக் காட்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வடசென்னை_17 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல இரண்டு நாள் ஆகிவிட்டது. பிஸ்டனை எடுக்க எனக்குத் துணிவு வர அவ்வளவு நேரம் பிடித்தது.

எங்கள் குழுவிலும் ஆமணக்கு ஆயில்தான். ஆனால் கலந்தது ஞாயிறு காலையில், களத்தில் வைத்து; அளவுக் குவளையைப் பிடித்திருந்தவன் நான் என்பதால் அது உறுதி. ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டுதான் திரும்பினார். இதைப் படித்தபோது என் பிழை உறுதியாகிவிட்டது என்றே எண்ணினேன். சுற்று நேரத்தை நாங்கள் தாளில் எழுதவில்லை. கரும்பலகைத் துண்டில் எழுதி ஓட்டுநருக்குக் காட்டிய பலகைக்காரன் என்னோடு வேலை பார்த்த நண்பன். அவனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். நான்காவது சுற்றில் வண்டி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாமதமாக வந்தது என்றும், பலகையில் வேகத்தைக் கூட்டச் சொல்லும் குறியை அவன்தான் காட்டினான் என்றும், அதனால்தான் எஞ்சின் போனதோ என்று அவனும் இத்தனை ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். அதன் பிறகு நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிஸ்டனைப் பார்த்தோம். கோடுகள் புகைப் பக்கம் மட்டும் இல்லை. பின் துளையின் இருபுறமும், முன்னும் பின்னுமாக நான்கு இடத்தில், விரல் அகலத்துக்குச் செங்குத்துப் பட்டைகளாக இருக்கின்றன. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தலைப்பகுதி சீரான பழுப்பு நிறம். ஓட்டையோ அரிப்போ புள்ளிகளோ இல்லை. விளிம்பில் இரு பக்கமும் பிறைபோலச் சுத்தமான இடங்கள் உள்ளன.

போரிங்_பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் ஜெட்டைக் குறைத்ததால் இந்தப் பிஸ்டன் இறுகவில்லை.

அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். உங்கள் வண்டியில் பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் உட்குழல் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்கு இடைவெளி விட வேண்டும். பந்தயத்துக்கு அதற்கும் சற்றுக் கூடுதலாக விடுவோம். 0.50 பிஸ்டன் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் அதற்கேற்பப் போர் போட வேண்டும். டப்பாவில் உள்ள எண்ணை நம்பிப் போட்டால் இடைவெளி குறைந்துவிடும். சனிக்கிழமை மாலை, விடிந்தால் பந்தயம் என்று அவசரப்படுத்தி வந்து நிற்பவர்களுக்கு நானும் போட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பதால் அந்தப் பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. புதிய பிஸ்டனை மூன்று நான்கு முறை சூடேற்றி, ஒவ்வொரு முறையும் முழுதாக ஆறவிட்டு, பிறகுதான் முழு வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; அதற்கும் உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. பின் துளையைத் தாங்கும் இடத்தில் உலோகம் தடிமனாக இருப்பதால் அங்கேதான் அதிகம் விரிந்து, அதன் இருபுறமும் நான்கு மூலையில் குழலைப் பிடிக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த நான்கு பட்டைகள். நான்காவது சுற்றில் வேகம் குறைந்ததும் அப்போது அது பிடிக்கத் தொடங்கியதால்தான். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அவர் எந்தக் குறியைக் காட்டியிருந்தாலும் அந்த எஞ்சின் ஆறாவது சுற்றைப் பார்த்திருக்காது.

பெட்ரோல் குறைந்து இறுகியிருந்தால் தேய்மானம் வெப்பம் மிகுந்த புகைப் பக்கத்தில் கூடுதலாக இருந்திருக்கும். தலை வெளுத்தோ அரித்தோ போயிருக்கும். விளிம்பில் நீங்கள் சொன்ன பிறை வடிவச் சுத்தமான இடங்கள், உள்ளே நுழைகிற பெட்ரோல் கலவை பிஸ்டன் தலையைக் கழுவிக்கொண்டு போன தடம். பெட்ரோல் போதாத எஞ்சினில் அந்தத் தடம் இராது. பிளக்கை எடுத்த முறை சரியில்லை என்று பெரம்பூர்க்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் மதிய வெயிலுக்கு ஒரு எண் குறைத்தது எப்படியோ பொருந்தியே இருந்திருக்கிறது.

எஞ்சினைப் பிரித்த உங்கள் மேஸ்திரிக்கு இது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே தெரிந்திருக்கும். போர் போட எடுத்துப்போனதும் அவசரப்படுத்தியதும் அவர்தான் என்பதால், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு அன்று இயலாமல் போயிருக்கலாம். எடுத்துப் பார் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

மகளிடம் ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும். பின் துளைக்குக் குறுக்காக, பிஸ்டனின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே, பட்டை விழாத இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வண்டியின் 50 மில்லிமீட்டர் போரோடு 0.50 சேர்ந்த 50.5 மில்லிமீட்டரை விட எவ்வளவு குறைவு என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.